வெளிநாட்டு வார்டில் ஒரு ஃபெலோ

ஷாக் நிலையில் வரும் குழந்தைக்கு உப்புநீரை நரம்பு வழியே வேகமாக ஏற்ற வேண்டும். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெற்ற எவரையும் நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையிலான குழு இந்தப் பாடத்தை உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் ஆறு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தது. கடும் காய்ச்சலோடும் குன்றிய ரத்த ஓட்டத்தோடும் வந்த 3,141 குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு உப்புநீரையும் இன்னொரு பிரிவினருக்கு அல்புமினையும் வேகமாக ஏற்றினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வேக டிரிப்ஸ் கிடையாது. 48 மணி நேரத்துக்குள் முதல் இரு பிரிவுகளிலும் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் சற்று மேல். வேக டிரிப்ஸ் ஏற்றாத பிரிவில் 7.3. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2011-ல் முடிவுகள் வெளியானபோது உலகெங்கும் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் திகைத்துப் போனார்கள்.

வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகளும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்களும் அந்த ஆய்வில் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பாதி படித்த யாராவது டிரிப்ஸே கூடாது என்று கிளம்பிவிடுவார்.

‘ஃபீஸ்ட்’ எனப்படும் அந்த ஆய்வு ஏன் அப்படி முடிந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மேற்சிறப்புப் பயிற்சியில் இருக்கும் குழந்தை மருத்துவர் குளோபல் ஹெல்த் பக்கம் திரும்பும்போது சந்திக்கப்போகும் சங்கடம் மட்டும் அதில் தெளிவாகத் தெரிகிறது. அவர் கற்றதில் ஒரு பங்குதான் மருத்துவ அறிவு. மீதியெல்லாம் அந்த அறிவைத் தாங்கி நிற்கும் ஏற்பாடுகள்: வென்டிலேட்டர், ஒரு மணி நேரத்தில் முடிவு தரும் ஆய்வகம், இரண்டு குழந்தைக்கு ஒரு செவிலியர், இரவிலும் ஓடி வரும் மூத்த மருத்துவர். இவை இல்லாத வார்டில் தனக்குத் தெரிந்ததில் எது செல்லும், எது செல்லாது என்று பிரித்தறிவதுதான் இந்தப் பயிற்சியின் சாரம். 2022-ல் ஐந்து வயது நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் உலகில் ஏறத்தாழ 49 லட்சம். அவர்களில் 23 லட்சம் பேர் பிறந்த முதல் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த இறப்புகளில் பெரும்பகுதி நிகழ்வது சில நாடுகளில், மேற்சிறப்புப் பயிற்சி இடங்கள் குவிந்திருப்பது வேறு நாடுகளில் என்பதே இந்த அத்தியாயத்துக்கான காரணம்.

மூன்று ஆண்டுக் கணக்கு

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். அங்கே மருத்துவப் படிப்புக்குப் பின் மூன்று ஆண்டு குழந்தை மருத்துவ ரெசிடென்சி. அதன் பிறகு இதயம், சிறுநீரகம், பச்சிளங்குழந்தை, புற்றுநோய் என ஒரு துறையைத் தேர்ந்தால் பெரும்பாலும் இன்னும் மூன்று ஆண்டு ஃபெலோஷிப். ரெசிடென்சிக் காலத்தில் குளோபல் ஹெல்த் என்றால் நான்கு வார எலெக்டிவ். போய் இறங்கி, வார்டின் வழி தெரிந்து, செவிலியர்களின் பெயர்கள் பழகுவதற்குள் திரும்பும் விமானம் தயாராக இருக்கும். அந்த நான்கு வாரம் போகிறவருக்குக் கண்ணைத் திறக்கும். வரவேற்பவருக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டால் பதில் பல நேரம் சங்கடமாகவே இருக்கும்.

ஃபெலோஷிப்பின் கணக்கு வேறு. சான்றிதழ் பெற விரும்புகிறவர் பயிற்சிக் காலத்தில் ஓர் ஆய்வுப் பணியைச் செய்து முடித்திருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ வாரியம் நிபந்தனை வைக்கிறது. அதைக் கண்காணிக்கக் குறைந்தது மூவர் கொண்ட குழு இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது வேறு துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். முதல் ஆண்டு பெரும்பாலும் வார்டிலும் இரவுப் பணியிலும் கரைந்துவிடும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆய்வுக்கென நீண்ட இடைவெளி கிடைக்கும். வெளிநாட்டில் ஒரு திட்டத்தில் ஊன்றி நிற்க வாய்ப்புத் தருவது அந்த இடைவெளிதான். ஆகவே கேள்வியை இரண்டாம் ஆண்டில் எழுப்பினால் பயனில்லை. நேர்காணலிலேயே எழுப்ப வேண்டும். வெளிநாட்டில் கழிக்கும் மாதங்கள் பயிற்சிக் கணக்கில் சேருமா, சம்பளம் யார் பொறுப்பு, இதற்கு முன் இத்துறையிலிருந்து யாராவது போயிருக்கிறாரா என்று கேட்டுவிடலாம். கடைசிக் கேள்விக்கு ‘நீங்கள்தான் முதல் ஆள்’ என்ற பதில் வந்தால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்தம், காப்பீடு, நெறிமுறைக் குழு ஒப்புதல் எல்லாவற்றையும் அவரே புதிதாக உருவாக்க வேண்டியிருக்கும் என்றுதான் அதற்குப் பொருள்.

கண்காணிப்புக் குழுவில், போகும் நாட்டைச் சேர்ந்த மூத்த மருத்துவர் ஒருவரைச் சேர்க்க முடியுமா என்று பயிற்சித் திட்டத் தலைவரிடம் முதல் ஆண்டிலேயே கேட்டுப் பார்ப்பது நல்லது. திட்டம் கோணல் வழியில் போகும்போது முதலில் தடுத்து நிறுத்துகிறவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. ‘குளோபல் ஹெல்த் ஃபெலோஷிப்’ என்ற பெயரில் சில பெரிய குழந்தை மருத்துவமனைகள் நடத்துவது தனி வகை. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் பின்கஸ் ஃபெலோஷிப் போட்ஸ்வானாவையும் டொமினிக்கன் குடியரசையும் களமாகக் கொண்டது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையிலும் இதே வகைத் திட்டம் உண்டு. ரெசிடென்சி முடித்த பொதுக் குழந்தை மருத்துவருக்கு இவை அருமையான வாய்ப்பு. ஆனால் குளோபல் ஹெல்த்துக்கென்று வாரியம் தனிச் சான்றிதழ் எதையும் தருவதில்லை. இதயநோய் நிபுணராகவோ சிறுநீரக நிபுணராகவோ ஆக விரும்புகிறவர் அந்தத் துறைக்குள் இருந்தபடியே வழி தேட வேண்டும்.

அப்படித் தேடும்போது கண்ணில் படும் பெரிய பெயர், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் கீழ் 1968-ல் தொடங்கிய ஃபோகார்ட்டி மையம். கூட்டாளி நாடு ஒன்றில் வழிகாட்டியோடு ஓராண்டு ஆய்வு செய்ய அதன் பயிற்சித் திட்டங்கள் பணம் தந்து வந்திருக்கின்றன. அந்தக் கூட்டாளி நாட்டின் இளம் ஆய்வாளர்களுக்கும் அதே திட்டத்தில் இடம் உண்டு என்பது அதன் சிறப்பு. இவையெல்லாம் அரசு நிதியில் நடப்பவை. வாஷிங்டனில் காற்று மாறினால் இவையும் மாறும். மூத்தவர் சொன்னதை நம்பிக் காத்திருக்காமல், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்ப்பதே சரி.

பிரிட்டனில் ஏற்பாடு வேறு விதம். அங்கே குழந்தை மருத்துவப் பயிற்சியில் இருப்பவர் நடுவில் விலகிப்போய்த் திரும்ப அதிகாரபூர்வமான வழி இருக்கிறது. அதற்கு ‘பயிற்சிக்கு வெளியே’ என்று பெயர். அதில் இரண்டு வகையை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். பொது மருத்துவக் கவுன்சிலின் முன் அனுமதியோடு போனால் வெளிநாட்டுக் காலம் பயிற்சியாகக் கணக்கில் சேரும். அனுபவத்துக்காக மட்டும் போனால் சேராது; திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இரண்டுக்குமே டீனின் ஒப்புதல் வேண்டும். ஆறு மாதம் முன்பாகவே தொடங்காவிட்டால் கோப்பு நகராது. போகும் முன் லிவர்பூலிலோ லண்டனிலோ வெப்பமண்டல மருத்துவ டிப்ளமோ முடிப்பது அங்கே பழைய வழக்கம். லிவர்பூல் பள்ளி 1898-லும் லண்டன் பள்ளி 1899-லும் பிறந்தவை. பேரரசுக் காலத்துக் கப்பல் வணிகமும் காலனி நிர்வாகமும் பெற்ற பிள்ளைகள் என்றாலும், மலேரியா ஸ்லைடைப் பார்க்கத் தெரியாமல் மலாவிக்குப் போவதைவிட அங்கே மூன்று மாதம் உட்கார்ந்து படிப்பது மேல்.

ஊர் பார்த்துப் போவதா, ஆள் பார்த்துப் போவதா

பயிற்சி மருத்துவர்கள் பலரும் முதலில் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். கென்யாவா, நேபாளமா, ஹைட்டியா? பார்க்க வேண்டியது உறவின் வயதை.

இண்டியானா பல்கலைக்கழகமும் கென்யாவின் எல்டோரெட் நகரிலுள்ள மோய் பல்கலைக்கழகமும் 1989-ல் கைகோத்தன. இண்டியானாவின் ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் எல்டோரெட்டில் தங்கிப் பணிபுரிகிறார்கள். ஒருவர் கிளம்பும்போது அடுத்தவர் வந்திருப்பார். கென்ய மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் இண்டியானாவுக்குப் போய் வருகிறார்கள். எச்ஐவி அலை வந்தபோது அந்தக் கூட்டு சிதறாமல் ‘ஆம்பாத்’ என்ற பெரும் சிகிச்சைத் திட்டமாக வளர்ந்தது. அங்கே போய்ச் சேரும் ஃபெலோவுக்குத் தங்குமிடம், வழிகாட்டி, நெறிமுறைக் குழு, தகராறு வந்தால் பேசித் தீர்க்க ஆள் எல்லாம் முன்பே இருக்கும்.

இன்னொரு பழைய உறவு இத்தாலியின் மோன்சாவுக்கும் நிகராகுவாவின் மனாகுவாவுக்கும் இடையிலானது. 1986-ல் மோன்சாவின் ஜூசெப்பே மஸேரா, மனாகுவாவின் லா மாஸ்கோட்டா குழந்தைகள் மருத்துவமனையோடு குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக இணைந்தார். குழந்தை மருத்துவத்தில் இரட்டை மருத்துவமனை முறைக்கு முன்னோடி என்று இதைச் சொல்வார்கள். அந்தக் கூட்டு கண்டுகொண்ட முக்கியமான எதிரி மருந்துப் பற்றாக்குறை மட்டும் இல்லை. பேருந்துக் கட்டணத்துக்கு வழியில்லாமலும், அறுவடையை விட்டுவிட்டு வர முடியாமலும், குழந்தை தேறிவிட்டதாக நினைத்தும் பெற்றோர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது அதற்கு இணையான எதிரி. பயணச் செலவுக்கும் தங்கும் இடத்துக்கும் பணம் தேடுவது கீமோதெரபியின் ஒரு பகுதி என்று புற்றுநோய் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டது இத்தகைய கூட்டுகளின் வழியாகத்தான்.

ஒரு கூட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் அதை எடை போட எளிய வழி ஒன்று உண்டு. அந்தக் கூட்டு கடைசியாக வெளியிட்ட ஐந்தாறு கட்டுரைகளை எடுத்து, முதல் பெயர் யாருடையது, கடைசிப் பெயர் யாருடையது என்று பார்க்க வேண்டும். எல்லாக் கட்டுரைகளிலும் வெளிநாட்டுப் பெயர்கள் முன்னும் பின்னும் நிற்க, உள்ளூர் மருத்துவர்கள் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தால் அந்த இடம் எப்படி நடக்கிறது என்பது விளங்கிவிடும். அங்கிருந்து யாராவது இங்கே பயிற்சிக்கு வந்திருக்கிறாரா என்பது அடுத்து கேட்க வேண்டியது. போன ஃபெலோக்கள் விட்டுச்சென்ற கருவிகள் ஓடுகின்றனவா என்று அந்த வார்டின் செவிலியரிடம் கேட்டால் மூன்றாவது பதிலும் கிடைக்கும். அநேகமாக அதுவே உண்மைக்கு மிக நெருக்கமானது.

ஒரே கருவி, இரண்டு முடிவு

மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜனைத் தொடர்ந்து சற்று அழுத்தத்தோடு கொடுத்தால் நுரையீரலின் காற்றறைகள் சுருங்காமல் திறந்தே இருக்கும். இதற்கான விலையுயர்ந்த கருவிக்குப் பதிலாக, மூச்சு வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் போதும். எத்தனை சென்டிமீட்டர் ஆழமோ அத்தனை அழுத்தம். வங்கதேச மருத்துவர் மொஹம்மது ஜொபாயர் சிஸ்டி, மெல்போர்னில் பார்த்த கருவியின் தத்துவத்தை டாக்காவில் ஒரு ஷாம்பு பாட்டிலில் செய்து காட்டினார். டாக்கா வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்தின் மருத்துவமனையில் கடும் நிமோனியா உள்ள குழந்தைகளிடம் நடந்த சோதனை 2015-ல் லான்செட் இதழில் வெளியானது. வழக்கமான முறையில் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 15 பேர் இறந்தார்கள். குமிழி முறையில் 4 பேர். மலாவியின் பிளாண்டயர் நகரில் ரைஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து உருவான மலிவுக் குமிழிக் கருவியைப் பச்சிளங்குழந்தைகளுக்குப் பயன்படுத்தியபோதும் பிழைத்தவர்களின் பங்கு 44 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாக உயர்ந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே மலாவியில், சலிமா மாவட்ட மருத்துவமனையில், கடும் நிமோனியாவோடு வந்த 644 குழந்தைகளிடம் இன்னொரு சோதனை நடந்தது. அந்த வார்டில் மருத்துவர் தினமும் வந்து மேற்பார்வையிடும் ஏற்பாடு இல்லை. 2019-ல் வந்த முடிவின்படி, குமிழி முறையில் இறந்தவர்கள் 17 சதவீதம், சாதாரண ஆக்சிஜனில் 11 சதவீதம். தத்துவம் அதே தத்துவம், நாடும் அதே நாடு. வார்டில் யார் நின்றார்கள் என்பது ஒரு பெரிய வித்தியாசம். சூட்கேசில் கருவியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் புகைப்படத்தோடு திரும்பும் பழக்கம் உள்ளவர்கள் மலாவியின் இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து படிக்க வேண்டும். நுரையீரல் துறையிலோ பச்சிளங்குழந்தைத் துறையிலோ இருக்கும் ஃபெலோவுக்கு உகந்த ஆய்வுத் தலைப்பும் இங்கேதான் கிடைக்கிறது: எத்தனை செவிலியர், என்ன பயிற்சி, எந்த வகைக் கண்காணிப்பு இருந்தால் இந்தக் கருவி உயிர் காக்கும்?

இதயத்துறையில் முன்மாதிரி தேடுகிறவர்களுக்கு ஆண்ட்ரியா பீட்டனின் பாதை பொருந்தும். வாஷிங்டனில் கிரெய்க் சேபிலின் வழிகாட்டுதலில் பயிற்சி பெற்றவர் அவர். கம்பாலாவின் பள்ளிகளில் 4,869 குழந்தைகளுக்கு எக்கோ பார்த்து, ருமாட்டிக் இதயநோய் வெளியே தெரியாமல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய கட்டுரை 2012-ல் வந்தது. உடனே ஒரு கேள்வி எழுந்தது: அறிகுறி ஏதும் இல்லாத குழந்தையிடம் நோயின் தடம் தெரிந்தால் மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட வேண்டுமா? அதற்குப் பதில் கிடைக்க ஏறத்தாழ பத்தாண்டு ஆயிற்று. உகாண்டாவின் குலு பகுதியில் 818 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2021 இறுதியில் வெளியானது. ஊசி போட்டவர்களில் நோய் முற்றியது 0.8 சதவீதம் பேருக்கு, போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு. தொடக்கக் கட்டுரை ஒரு ஃபெலோஷிப்பின் காலத்துக்குள் அடங்கும். அது எழுப்பும் கேள்விக்கான பதில் அடங்காது. ஆகவே தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே, மூன்றாண்டு முடிந்த பின் அதை யார் தொடர்வார் என்பதையும் யோசித்து வைக்க வேண்டும்.

சிறுநீரகத் துறையில் வழி இன்னும் நேரடியானது. மலேரியாவாலோ வயிற்றுப்போக்காலோ சிறுநீரகம் திடீரென நின்றுபோன குழந்தைக்குச் சில நாள் டயாலிசிஸ் கிடைத்தால் பல நேரம் சிறுநீரகம் தானே மீண்டு வேலை செய்யும். ஹீமோடயாலிசிஸ் இயந்திரம் இல்லாத ஊரில் வயிற்றுறை வழியே செய்யும் டயாலிசிஸ் போதும். அதற்கான திரவத்தையும், தேவைப்பட்டால், ரிங்கர் லாக்டேட்டோடு டெக்ஸ்ட்ரோஸ் கலந்து கட்டில் அருகிலேயே தயாரிக்கலாம். நான்கு பன்னாட்டுச் சங்கங்கள் சேர்ந்து 2012-ல் தொடங்கிய ‘சேவிங் யங் லைவ்ஸ்’ திட்டம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மருத்துவரையும் செவிலியரையும் ஒரே குழுவாக உட்கார வைத்து இதைக் கற்றுக்கொடுக்கிறது. மருத்துவரை மட்டும் அழைத்துப் பயிற்றுவித்தால் இது ஓடாது என்பதை அந்தத் திட்டம் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது.

குழந்தைப் புற்றுநோயில் வாய்ப்புகள் மிகுதி. பணக்கார நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கும் நோயில், ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதுகூடத் தேறுவதில்லை. 2030-க்குள் குறைந்தது 60 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஓர் இலக்கு வைத்தது. அதில் மெம்ஃபிஸின் செயின்ட் ஜூட் மருத்துவமனை முக்கியக் கூட்டாளி. குளோபல் சைல்டு ஹெல்த் பாடத்தில் முதுகலைப் பட்டமும் அங்கே உண்டு. ஹூஸ்டனின் டெக்சஸ் குழந்தைகள் மருத்துவமனையும் பெய்லர் மருத்துவக் கல்லூரியும் 2017-ல் அறிவித்த ‘குளோபல் ஹோப்’ மலாவி, போட்ஸ்வானா, உகாண்டா நாடுகளில் இயங்குகிறது. எச்ஐவி உள்ள குழந்தைகளுக்காக முன்பே கட்டியிருந்த மையங்களின் மேல் அது எழுந்தது.

தொற்றுநோய்த் துறைக்கு வேலூரைவிட நல்ல பாடம் அரிது. மெக்சிகோவில் 1990-களில் நடந்த ஆய்வு ஒன்று, ரோட்டா வைரஸ் இரண்டு முறை தொற்றிய குழந்தைக்கு அதன் பின் கடுமையான வயிற்றுப்போக்கு வருவதில்லை என்று காட்டியிருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங்கின் குழு 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்தது. 2011-ல் வெளியான முடிவின்படி, மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். வாய்வழித் தடுப்பு மருந்துகள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குறைவாகவே ஏன் பலன் தருகின்றன என்ற விவாதத்தில் இந்த எண்ணுக்கு இடம் உண்டு. ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த நம்பிக்கைதான் அந்த ஆய்வின் மூலதனம். வெளியிலிருந்து வரும் எந்த ஃபெலோவும் அதை ஆறு மாதத்தில் கட்டியெழுப்ப முடியாது. ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ள முடியும்.

எதிர்த்திசைப் பாதை

இதுவரை சொன்னதெல்லாம் வசதியுள்ள நாட்டிலிருந்து வசதியற்ற நாட்டுக்குப் போவது பற்றி. தமிழ் வாசகர்களில் பலர் நிற்பது மறுகரையில்.

கேப்டவுன் பல்கலைக்கழகம் 2007-ல் தொடங்கிய ஆப்பிரிக்கக் குழந்தை மருத்துவ ஃபெலோஷிப் திட்டம் இந்த விஷயத்தில் பலருக்கும் முன்னால் நிற்கிறது. சாம்பியாவிலோ கானாவிலோ உள்ள மருத்துவமனை தனக்கு எந்த நிபுணர் வேண்டும் என்று தீர்மானித்து ஒருவரை அனுப்பும். அவர், 1956-ல் திறக்கப்பட்ட, கேப்டவுனின் செஞ்சிலுவைப் போர் நினைவுக் குழந்தைகள் மருத்துவமனையில் பயின்று அதே பதவிக்குத் திரும்புவார். பயின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்கிறார்கள். காரணம் தேசபக்தி மட்டும் என்று நினைக்க வேண்டாம். தம் ஊரில் பார்க்கப்போகும் நோயாளிகளையும், தம் ஊரில் கிடைக்கக்கூடிய மருந்துகளையும் வைத்தே அவர்கள் கற்கிறார்கள். திரும்பும்போது அவர்களுக்கென்று ஓர் இருக்கை காத்திருக்கிறது. கென்யாவில் நைரோபி பல்கலைக்கழகம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குழந்தைகள் அவசர, தீவிர சிகிச்சைக்குச் சொந்த ஃபெலோஷிப்பையே தொடங்கியது. அமெரிக்க ஃபெலோ ஒருவர் அங்கே போனால் தன் வயதுக் கென்ய ஃபெலோவோடு ஒரே வார்டில் நிற்பார். நோயாளியைப் பற்றிய இறுதி முடிவு கென்யருடையது. இந்தப் புத்தகம் பரிந்துரைக்கும் ஏற்பாடு இதுதான்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிரிட்டன் போக விரும்பும் குழந்தை மருத்துவருக்கு மருத்துவப் பயிற்சித் திட்டம் எனப்படும் எம்டிஐ ஒரு நல்ல வாசல். அதிகபட்சம் 24 மாதம். ராயல் கல்லூரியின் பரிந்துரையில் பதிவு கிடைப்பதால் பிளாப் தேர்வு தேவையில்லை. ஆங்கிலத் தேர்வு மட்டும் உண்டு. முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்பது அதன் அடிப்படை. அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருப்பவர் இந்த இடத்தை எடுத்துக்கொள்வது, திரும்பப்போகும் இன்னொருவரின் இடத்தை அடைப்பதாகும். இலங்கையில் இந்தச் சுற்று முறையாகவே அமைந்திருக்கிறது. கொழும்பின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்டி முடித்தவர் நிபுணராகச் சான்று பெற வெளிநாட்டுப் பயிற்சிக் காலம் ஒன்றை முடிக்க வேண்டும். சிறுநீரகத் துறைக்கு, பன்னாட்டுக் குழந்தைகள் சிறுநீரகச் சங்கம், வளரும் நாட்டு மருத்துவர் பயின்றுவிட்டுத் திரும்பும் நிபந்தனையோடு உதவித்தொகை தருகிறது.

அமெரிக்காவில் ஜே-1 விசாவில் ஃபெலோஷிப் செய்யும் இந்திய, இலங்கை மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பயிற்சி முடிந்ததும் தாய்நாட்டில் இரண்டாண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர்களுக்கு உண்டு. மலாவியிலோ ஹைட்டியிலோ கழிக்கும் காலம் அந்த இரண்டாண்டில் சேராது. பயிற்சியின் நடுவே வெளிநாடு போவதென்றால், விசா ஆதரவாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் திரும்பி நுழைய மறுபடி தூதரக வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

புறப்படும் முன்

நெறிமுறைக் குழு ஒப்புதல் இரண்டு வேண்டும்: சொந்த நிறுவனத்துடையது, போகும் நாட்டுடையது. இரண்டாவதை அவசரப்படுத்த முடியாது, அவசரப்படுத்தவும் கூடாது. ரத்த மாதிரிகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தனி அனுமதி தேவைப்படும். வார்டில் நோயாளியைத் தொடப் போகிறவர் என்றால் அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவும் வேண்டும்.

வெளிநாட்டுப் பயிற்சிக்கான நெறிமுறைகளை ‘வெய்ட்’ எனப்படும் பணிக்குழு 2010-ல் வகுத்தது. அதன் மையத்தில் இருப்பது எளிய கோரிக்கைதான்: செலவும் பயனும் இரு தரப்புக்கும் நியாயமாகப் பிரிய வேண்டும். வந்தவருக்கு வார்டைச் சுற்றிக்காட்டும் மருத்துவர் அந்த ஒரு மணி நேரம் நோயாளிகளைப் பார்க்காமல் இருக்கிறார். அதுவும் செலவு. சொந்த ஊரில் மேற்பார்வை இல்லாமல் செய்ய அனுமதி இல்லாத எதையும் அங்கே தனியாகச் செய்யக் கூடாது என்ற விதியை எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள். இரவு இரண்டு மணிக்கு வார்டில் வேறு யாரும் இல்லாதபோதுதான் அது சோதனைக்கு வரும். அத்தகைய தருணங்களைப் போகும் முன்பே நடித்துப் பழக, ‘ஷுகர்’ என்ற பாவனைப் பயிற்சியை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். மருந்து இல்லை, சோதனை இல்லை, ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, குழந்தைகள் இருவர் என்பது போன்ற சூழலில் பயிற்சியாளரை நிறுத்தி, அவருடைய கோபத்தையும் இயலாமையையும் அவரே பார்க்கும்படி செய்வார்கள். குழந்தை இறப்பை ஆண்டுக்குச் சில முறை மட்டுமே பார்த்தவர் அங்கே வாரத்துக்குச் சில முறை பார்க்கப் போகிறார். அதைப் பேச ஓர் ஆளை முன்பே ஏற்பாடு செய்துகொள்வது பலவீனம் ஆகாது.

உடம்புக்கான தயாரிப்பு சின்ன விஷயம் போலத் தோன்றும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். உகாண்டா, கென்யா போன்ற நாடுகளிலிருந்து சான்று இல்லாமல் இந்தியா வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். எச்ஐவி பரவலாக உள்ள இடத்தில் ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கு வெகுமுன்பே, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அந்த மருந்தைக் கையோடு கொண்டுபோவதே பாதுகாப்பு. அங்குள்ள இருப்பு அங்குள்ளவர்களுக்கு. மருத்துவக் காரணங்களுக்காக விமானத்தில் வெளியேற்றும் செலவைக் காப்பீடு ஏற்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

மொழியைக் கற்க நேரமில்லை என்பார்கள். மலாவியில் சிச்சேவாவில் ‘எங்கே வலிக்கிறது’, ‘எத்தனை நாளாக’, ‘பால் குடிக்கிறதா’ என்று கேட்கப் பழக ஒரு வாரம் போதும். பதில் புரியாவிட்டாலும், கேட்டவரைத் தாய் பார்க்கும் பார்வை மாறும்.

திரும்பி வந்ததும்

காசநோய்ப் பரிசோதனையைத் திரும்பியவுடன் செய்தால் போதாது. எட்டு முதல் பத்து வாரம் கழித்துச் செய்ய வேண்டும். தரவு யாரிடம் இருக்கும், முதல் கட்டுரையை யார் எழுதுவார், இரண்டாவதை யார் எழுதுவார் என்பதையெல்லாம் புறப்படும் முன்பே எழுதி வைத்திருந்தால் இப்போது சண்டை வராது. எழுதி வைக்காதவர்களுக்கு வராமல் இருப்பதில்லை. வாரியத்துக்கான ஆய்வுப் பணிக்கு ஃபெலோ முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை தேவைப்பட்டால், அதே தரவிலிருந்து உள்ளூர் மருத்துவர் முதல் ஆசிரியராக இன்னொன்று வரும்படி கேள்விகளைத் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிக்கலாம்.

அடுத்து போகப்போகிறவருக்கு ஒரு கைமாற்றுக் குறிப்பும் விட்டுச்செல்ல வேண்டும். வார்டில் யாரிடம் எதைக் கேட்பது, எந்தக் கருவி எப்போது பழுதாகும், ஆக்சிஜன் சிலிண்டர் எந்தக் கிழமை வரும், எந்தச் செவிலியர் ஆய்வுக்கு உதவினார், அவருடைய பெயர் கட்டுரையில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உள்ளூர் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுவது நல்லது. புதுப்பிக்கத் தவறினால் ஆய்வு அந்த இடத்திலேயே நின்றுவிடும், மறுபடி ஒப்புதல் வரும்வரை புதிதாக ஒரு குழந்தையைக்கூட அதில் சேர்க்க முடியாது.